கண்ணாடிக் கூரையா, மண் சுவரா?

வெளிநாட்டில் பத்து வருஷம் இருந்துவிட்டு லீவுக்கு ஊர் வரும் அண்ணன்மார்களுக்கு ஒரு பொதுவான வியாதி உண்டு. ஏர்போர்ட்டிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் தமிழ்நாட்டை மூன்று தடவை திருத்தி எழுதிவிடுவார்கள். ரோடு சரியில்லை, குப்பை அள்ளவில்லை என்பதெல்லாம் பழைய கதை. கொஞ்சம் விஷயம் தெரிந்த அண்ணன்மார்கள் இப்போது கட்டடத்தில் ஆரம்பிக்கிறார்கள்.

"பெர்லின்ல பார்லிமென்ட் மேலேயே கண்ணாடிக் குவிமாடம். சாதாரண ஜனங்க அதுல ஏறி நின்னு, கீழே உக்காந்திருக்கிற எம்.பி.க்களோட தலையைப் பார்க்கலாம். அதுதாம்ப்பா ஜனநாயகம்! நம்ம ஊர்ல? இன்னும் வெள்ளைக்காரன் கட்டின கோட்டைக்குள்ள உக்காந்து சட்டம் போடறாங்க. அவங்ககிட்ட வெளிப்படைத்தன்மை இருக்கு. நம்மகிட்ட அதுவும் இல்லை, சொந்தக் கலாசாரத்தைக் காட்டுற கட்டடமும் இல்லை."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதில் பாதி உண்மையும் கூட. ஆனால் பாதி உண்மைதான் முழுப் பொய்யைவிட ஆபத்து. ஏனென்றால் அதைச் சொல்பவரே அதை நம்பிவிடுவார். எனவே அண்ணனின் வாதத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். ஒன்று, கண்ணாடி வைத்தால் வெளிப்படைத்தன்மை வரும். இரண்டு, மரபுப்படி கட்டினால் மக்களுக்கு நெருக்கமான ஆட்சி வரும். இரண்டையும் சோதித்துப் பார்த்துவிடலாம்.

முதலில் பெர்லின். நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த அந்தக் குவிமாடம் 1999-ல் திறக்கப்பட்டது. அழகு, சந்தேகமே இல்லை. சுழன்று சுழன்று மேலே ஏறிப் போகலாம், நடுவில் இருக்கும் கண்ணாடித் தூண் வெளிச்சத்தைக் கீழே அவைக்குள் அனுப்புகிறது, கட்டணமும் கிடையாது. ஆனால் அண்ணன் சொல்லாமல் விட்ட சங்கதி ஒன்று உண்டு. அதே கட்டடம் 1894-ல் திறக்கப்பட்டபோதும் அதன் மேலே இரும்பும் கண்ணாடியுமாக ஒரு குவிமாடம் இருந்தது! அதற்குக் கீழேதான் ஜெர்மானிய ஜனநாயகம் தடுமாறிச் சரிந்தது. 1933 பிப்ரவரியில் கட்டடம் தீப்பிடித்தது. மார்ச்சில் ஹிட்லருக்கு எல்லா அதிகாரத்தையும் தூக்கிக் கொடுத்த சட்டம், எதிரே இருந்த ஓர் ஓபரா அரங்கில் வைத்து நிறைவேறியது. பழைய கண்ணாடி யாரையும் காப்பாற்றவில்லை. இன்றைய ஜெர்மனியைக் காப்பாற்றுவதும் கண்ணாடி இல்லை. அரசியல் சாசனமும், நீதிமன்றமும், "இன்னொரு தடவை அது நடக்கக் கூடாது" என்ற பயமும்தான்.

இன்னொன்று. அந்தக் கட்டடத்தின் நெற்றியில் 'ஜெர்மானிய மக்களுக்கு' என்று எழுதியிருக்கும். 1916-ல், முதல் உலகப் போரின் நடுவே வைத்தது. 2000-ல் ஹான்ஸ் ஹாக்கே என்ற கலைஞர் இதற்கு எதிர்ப்பாட்டு மாதிரி ஒன்றை உள்முற்றத்தில் வைத்தார். 'இங்கே வாழும் மக்கள்தொகைக்கு' என்று பொருள்படும் எழுத்துகள். ஜெர்மானிய ரத்தம் உள்ளவர்களுக்கு மட்டுமா இந்த அவை, இங்கே வாழ்ந்து, உழைத்து, வரி கட்டும் எல்லோருக்குமா என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. அந்தக் கலைப்படைப்பை அனுமதிக்கலாமா என்று அவையிலேயே ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 260, எதிர்ப்பு 258. இரண்டே ஓட்டு வித்தியாசம்!

கவனியுங்கள்... அண்ணன் அந்த இரண்டாவது வாசகத்தைச் சேர்ந்தவர். முதல் வாசகத்தைச் சேர்ந்தவர் இல்லை. ஜெர்மன் குடியுரிமை வாங்காத வரைக்கும் அவர் அந்த எம்.பி.க்களின் தலைக்கு மேலே நடக்கலாம், அவர்களைத் தேர்ந்தெடுக்கவோ தோற்கடிக்கவோ முடியாது. உள்ளாட்சித் தேர்தலில்கூட ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத வெளிநாட்டவருக்கு அங்கே ஓட்டு கிடையாது. பார்க்க மட்டும் அனுமதி. 2010 கடைசியில் தீவிரவாத மிரட்டல் வந்ததிலிருந்து, பார்ப்பதற்கும் முன்கூட்டியே பெயர் பதிவு செய்ய வேண்டும். சினிமா பார்ப்பதும் படம் எடுப்பதும் ஒன்றா? வேடிக்கை பார்க்கும் உரிமையை ஆளும் உரிமை என்று நினைத்துக்கொள்வதுதான் இந்தக் கண்ணாடி மயக்கத்தின் மூலம்.

சரி, இப்போது ஆசியாவுக்கு வருவோம். கட்டடக்கலை மாணவர்கள் இன்றைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வரும் இரண்டு பார்லிமென்ட் கட்டடங்கள் நம் அண்டை வீட்டிலேயே இருக்கின்றன. ஒன்று டாக்காவில், லூயி கான் வடிவமைத்தது. இன்னொன்று கொழும்பை ஒட்டிய கோட்டேயில், ஜெஃப்ரி பாவா வடிவமைத்தது. இரண்டும் திறக்கப்பட்ட வருஷம் ஒன்றுதான், 1982. அந்த வருஷம் என்ன நடந்தது என்று பாருங்கள்.

டாக்கா கட்டடத்தைத் தொடங்கி வைத்ததே ஒரு ராணுவ ஆட்சிதான். 1960-களில், அது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்தபோது, அயூப் கான் காலத்தில் ஆரம்பித்த வேலை. நடுவில் போர் வந்தது, புது நாடு பிறந்தது, 1974-ல் லூயி கானும் இறந்து போனார். கடைசியாக 1982 ஜனவரி 28-ல் திறப்பு விழா. தண்ணீருக்கு நடுவே கான்கிரீட் மலை மாதிரி எழும்பி நிற்கும் அந்தக் கட்டடத்தை உலகமே புகழ்ந்தது. மார்ச் 24-ம் தேதி ஜெனரல் எர்ஷாத் ஆட்சியைப் பிடித்தார், பார்லிமென்ட் கலைக்கப்பட்டது. முழுசாக இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பெயின்ட் வாசனை போவதற்குள் ஜனநாயகம் போய்விட்டது!

கோட்டே கதை இன்னும் கசப்பு. அது அண்ணனின் இரண்டாவது வாதத்துக்கு நேரான பதில். பாவா கண்ணாடிப் பெட்டி எதுவும் கட்டவில்லை. தியவன்னா ஏரியின் நடுத் தீவில், அந்த மண்ணின் மரபுக் கூரைகளை நினைவூட்டும் செம்புக் கூரைகளோடு, சூழலோடு ஒட்டிப் போகும் ஒரு கட்டடம். 'சொந்தக் கலாசாரத்தைக் காட்டும் நவீனக் கட்டடம்' என்று பாடம் எடுக்கிறார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. திறப்பு விழா 1982 ஏப்ரல் 29. அதே வருஷம் டிசம்பர் 22-ல் ஒரு வாக்கெடுப்பு. பொதுத் தேர்தலே வேண்டாம், 1977-ல் தேர்ந்தெடுத்த அதே பார்லிமென்ட் இன்னும் ஆறு வருஷம் நீடிக்கட்டும் என்று முடித்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம், கறுப்பு ஜூலை நடந்து முடிந்த கையோடு, 1983 ஆகஸ்டில் ஆறாவது திருத்தம். தனிநாடு கேட்க மாட்டோம் என்று சத்தியப் பிரமாணம் எடுக்காவிட்டால் பதவி போகும். பிரதான எதிர்க்கட்சியாக உட்கார்ந்திருந்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் பிரமாணம் எடுக்க மறுத்தார்கள், இருக்கைகளை இழந்தார்கள். அவ்வளவு அழகான கூரைக்குக் கீழே தமிழர்கள் பேச இருந்த இடம் காலியானது. அதற்கப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

ஆகக் கண்ணாடியும் கைகொடுக்கவில்லை, மரபும் கைகொடுக்கவில்லை. இவை கெட்ட கட்டடங்கள் என்று யாரும் சொல்லவில்லை. மிக நல்ல கட்டடங்கள். அதனால்தான் இந்த உதாரணம் வலிக்கிறது.

அப்புறம் சென்னை. அண்ணன் ஏங்குகிறாரே ஜெர்மன் கட்டடக்கலைக்காக, அது சென்னைக்கே வந்தது! ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் புதிய சட்டசபை, தலைமைச் செயலக வளாகத்தை வடிவமைத்தது ஜெர்மனியின் ஜிஎம்பி நிறுவனம். வட்ட வட்டமான முற்றங்கள், மேலே பெரிய குவிமாடம். 2010 மார்ச் 13-ம் தேதி பிரதமர் மன்மோகன் சிங் திறந்து வைத்தார். ஆனால் அந்தத் தேதிக்குள் குவிமாடம் முடியவில்லை. என்ன செய்தார்கள்? சினிமா கலை இயக்குநர் தோட்டா தரணியை வைத்துத் தற்காலிகக் குவிமாடம் ஒன்றைச் செட் போட்டார்கள். அவர் திறமையில் குறை இல்லை. ஒரு மாநிலத்தின் சட்டசபைக்கு விழா தேதிதான் முக்கியம், கட்டடம் முடிவது முக்கியமில்லை என்று நினைத்தது யார் என்பதுதான் கேள்வி.

2011 மே மாதம் ஆட்சி மாறியது. ஜெயலலிதா அந்தக் கட்டடத்துக்குள் கால் வைக்கவில்லை, நேராகக் கோட்டைக்கே திரும்பினார். அதை மருத்துவமனை ஆக்கப் போவதாக அதே வருஷம் அறிவித்தார். 2014 பிப்ரவரியில் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை திறக்கப்பட்டது. ஒருவர் தன் பெயர் நிலைக்கக் கட்டினார். இன்னொருவர் அந்தப் பெயர் நிலைக்கக் கூடாது என்று மாற்றினார். செலவு கணக்கு மட்டும் இரண்டு தடவையும் ஒரே ஆள் பெயரில், அதாவது நம் பெயரில், விழுந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சட்டசபையாகவே இருந்திருந்தால் அந்தக் கட்டடத்துக்குள் பாஸ் இல்லாமல் சாதாரண மனிதர் ஒருவர் போயிருக்க முடியாது. இன்று வெளிநோயாளி சீட்டோடு தினமும் ஜனங்கள் உள்ளே போய் வருகிறார்கள். வீம்புக்காகச் செய்தது, தற்செயலாக மக்கள் கட்டடமாகிவிட்டது. இதற்காக அந்த முடிவைப் பாராட்ட வேண்டியதில்லை. ஆனால் 'மக்களுக்கான கட்டடக்கலை' என்று புத்தகம் எழுதுபவர்கள் இதை ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

சரி, கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டை அவமானம்தானே? பார்வைக்கு அவமானம்தான். ஆனால் அந்தக் கோட்டைக்குள் உட்கார்ந்துதான் சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டப்படி செல்லும் என்று ஆக்கினார்கள். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கும் தீர்மானம் 1967-ல் நிறைவேறியது அங்கேதான். குடும்பச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்ற 1989-ம் ஆண்டுச் சட்டத்திருத்தமும் அங்கேதான். கொரோனா சமயத்தில் கலைவாணர் அரங்கில் நாற்காலி போட்டு அவை நடத்தினார்கள். அங்கே போட்ட சட்டம் செல்லாமலா போனது?

எதிர்ப்பக்கம் டெல்லியைப் பாருங்கள். 2023 மே 28-ல் புதிய பார்லிமென்ட் திறந்தார்கள். நம்ம ஊர் ஆதீனங்கள் போய்ச் செங்கோல் கொடுத்தார்கள். மக்களவையில் 888 இருக்கைகள், மாநிலங்களவையில் 384. கலாசாரத்துக்குக் கலாசாரம், நவீனத்துக்கு நவீனம். அதே வருஷம் டிசம்பரில் பார்வையாளர் மாடத்திலிருந்து இரண்டு பேர் அவைக்குள் குதித்தார்கள். பாதுகாப்புக் குறைபாட்டுக்கு உள்துறை அமைச்சர் பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. பதில் வரவில்லை. ஒரே கூட்டத்தொடரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். அவர்களில் பெரும்பாலானோர் வெளியே இருக்கும்போதே நாட்டின் குற்றவியல் சட்டங்கள் மூன்றையும் மாற்றி நிறைவேற்றினார்கள். இருக்கைக்குப் பஞ்சமில்லை. உட்கார வேண்டியவர்களைத்தான் காணோம்.

இங்கே ஒரு பி.காம் முதல் வருஷப் பாடம் உதவும். செலவில் இரண்டு வகை, முதலினச் செலவு, வருவாயினச் செலவு. கட்டடம் வாங்குவது முதலினச் செலவு. ஒரு தடவை செய்தால் சொத்துக் கணக்கில் உட்கார்ந்துகொள்ளும், கல்வெட்டில் பெயர் போடலாம், ரிப்பன் வெட்டலாம். சம்பளம், பராமரிப்பு, கரன்ட் பில் எல்லாம் வருவாயினச் செலவு. ஒவ்வொரு வருஷமும் செய்துகொண்டே இருக்க வேண்டும், யாரும் கைதட்ட மாட்டார்கள், நிறுத்தினால் கடையைச் சாத்த வேண்டியதுதான். ஜனநாயகம் இரண்டாவது வகை. கேள்வி நேரம் ஒழுங்காக நடப்பது, மசோதாவைக் குழுவுக்கு அனுப்பிப் படிப்பது, எதிர்க்கட்சியைப் பேச விடுவது, தணிக்கை அறிக்கையை விவாதிப்பது... இவை தினசரிச் செலவுகள். இதைச் செய்யாமல் கட்டடம் மட்டும் கட்டுவது, வியாபாரமே இல்லாத கடைக்கு கிரானைட் தரை போடுவது மாதிரி. பேலன்ஸ் ஷீட் அழகாக இருக்கும். கல்லாப்பெட்டியைத் திறந்தால் காற்று வரும்.

வெளிப்படைத்தன்மையும் அப்படித்தான். இந்தியாவில் அரசாங்கத்தின் உள்ளே எட்டிப் பார்க்க வழி செய்தது எந்தக் கண்ணாடிக் கட்டடமும் இல்லை. ஒரு மண் வீடு. சென்னையில் பிறந்து, ஐஏஎஸ் வேலையை விட்டுவிட்டுப் போன அருணா ராயும், நிகில் டேயும், சங்கர் சிங்கும் 1987-ல் ராஜஸ்தானில் தேவ்துங்கிரி என்ற சின்னக் கிராமத்தில் ஒரு மண் வீட்டில் குடியேறினார்கள். 1990-ல் அங்கிருந்து மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு பிறந்தது. அவர்கள் கேட்டது புரட்சியெல்லாம் இல்லை. பில், வவுச்சர், வேலைக்கு வந்தவர்களின் பெயர்ப் பதிவேடு... இவற்றின் நகலைக் கொடு என்றார்கள். ரோடு போட்டதாக எழுதியிருக்கிறாயே, எங்கே ரோடு? கூலி கொடுத்ததாக எழுதியிருக்கிறாயே, இந்த ஆள் வாங்கினாரா? 1994-லிருந்து ஊர் நடுவே ஷாமியானா போட்டு, கணக்கை மைக்கில் உரக்கப் படித்தார்கள். கூலிக்காரர்கள் எழுந்து "நான் அந்த வேலையே செய்யலை" என்று சொன்னார்கள். கணக்குத் தணிக்கையை ஊர்க்கூட்டமாக மாற்றிய அந்த நெருப்புதான் பரவிப் பரவி 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக வந்தது. பெர்லின் குவிமாடத்தில் நின்றால் எம்.பி.யின் வழுக்கைதான் தெரியும். பத்து ரூபாய் ஆர்டிஐ மனுவில் அவர் கையெழுத்துப் போட்ட ஃபைல் தெரியும். எது கண்ணாடி? :-)

அந்தக் கண்ணாடியில் விரிசல் விழுந்துகொண்டிருக்கிறது என்பதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் மத்திய அரசே முடிவு செய்துகொள்ளலாம் என்று 2019-ல் திருத்தினார்கள். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் ஒளித்து வைத்து, ஆர்டிஐயின் 8(1)(ஜெ) பிரிவை மாற்றினார்கள். தனிநபர் விவரம் என்று ஒரு வார்த்தை சொல்லிக் கதவை மூடுவது இனி சுலபம். வவுச்சரில் இருப்பதெல்லாம் யாரோ ஒரு தனிநபரின் பெயர்தானே? புதிய பார்லிமென்ட் கட்டடத்தின் டிசைனைப் பற்றி டீக்கடை வரைக்கும் விவாதம் நடந்தது. இந்த இரண்டு திருத்தங்களைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்?

அப்படியானால் கட்டடமே முக்கியமில்லையா? முக்கியம்தான். ஆனால் பார்க்க வேண்டிய கட்டடம் வேறு. ஒரு நாட்டின் ஜனநாயகக் கட்டடக்கலையைத் தெரிந்துகொள்ள சட்டசபைக்குப் போக வேண்டாம், தாலுகா ஆபீசுக்குப் போனால் போதும். அங்கே கவுண்டர் எந்த உயரத்தில் இருக்கிறது? மனு கொடுக்க வந்த பாட்டி குனிந்து ஓட்டைக்குள் பேச வேண்டுமா, நாற்காலியில் உட்கார்ந்து பேசலாமா? குடிக்கத் தண்ணீர் உண்டா? பெண்களுக்குக் கழிப்பறை உண்டா, அது பூட்டாமல் இருக்கிறதா? சக்கர நாற்காலியில் வருபவருக்குச் சாய்தளம் உண்டா? ஆபீசரும் மனுதாரரும் ஒரே மட்டத்தில் உட்காரும் ஒரு மேசை, நூறு குவிமாடத்துக்குச் சமம். அதை வடிவமைக்க ஜெர்மனியிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ, யாரும் செய்வதில்லை.

அண்ணன்மார்களுக்கும் வேலை இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் வெளிநாட்டு இந்தியர்கள் வாக்காளராகப் பதிவு செய்ய 2011-லிருந்து வழி உண்டு. ஆனால் நேரில் வந்து, சொந்தத் தொகுதியில், ஒரிஜினல் பாஸ்போர்ட்டைக் காட்டி ஓட்டுப் போட வேண்டும் என்பதுதான் விதி. 2024 தேர்தலில் பதிவு செய்திருந்தவர்கள் ஏறக்குறைய 1.2 லட்சம் பேர். வந்து ஓட்டுப் போட்டவர்கள் மூவாயிரத்துக்கும் குறைவு, அதிலும் பெரும்பாலோர் மலையாளிகள். மலையாளி விமானம் பிடித்து வந்து ஓட்டுப் போடுகிறான். நம்ம அண்ணன் விமானம் பிடித்து வந்து விமர்சனம் போடுகிறார்! ஒவ்வொருவரும் டிக்கெட் போட்டு வர முடியாதுதான், அது நியாயம். அப்படியானால் கேட்க வேண்டியது தபால் ஓட்டு. அதைக் கேட்டுச் சண்டை போடுங்கள். வெளிநாட்டிலிருந்தே மத்திய அரசு அலுவலகங்களுக்கு ஆர்டிஐ கட்டணம் செலுத்த 2013-லேயே மின்னணு போஸ்டல் ஆர்டர் வந்துவிட்டது. மத்திய அரசு அலுவலகத்தின் கணக்கை பெர்லினில் உட்கார்ந்துகொண்டு சென்னைக்காரர் கேட்கலாம் என்றால், அதைவிடப் பெரிய குவிமாடம் எது?

அழகான கட்டடம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கட்டுங்கள். ஆனால் அடுத்த தடவை யாராவது சட்டசபைக்குப் புதிய டிசைன் காட்டினால், கூரை கண்ணாடியா ஓடா என்று கேட்காதீர்கள். எத்தனை நாள் கூடுவீர்கள், யாரைப் பேச விடுவீர்கள், கணக்கை யாரிடம் காட்டுவீர்கள் என்று கேளுங்கள். பதில் இருந்தால் தென்னங்கீற்றுப் பந்தல் போதும். பதில் இல்லை என்றால் நார்மன் ஃபாஸ்டரே வந்து கட்டினாலும் அது வெறும் செட்தான்.